எல்லாம் நார்மல் என்கிறது ரிப்போர்ட், உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை

கேள்வி இதுதான்: இரண்டு ஆண்டுகளாகத் தீராத களைப்பு, உடம்பெங்கும் வலி, எவ்வளவு தூங்கினாலும் தூங்கிய திருப்தி இல்லை. ஆறு மருத்துவர்களைப் பார்த்தாகிவிட்டது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். கடைசியாகப் பார்த்தவர், "உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனத்தை அலட்டிக்கொள்ளாமல் தினமும் நடந்து பழகுங்கள்" என்று அனுப்பிவிட்டார். நடந்தால் இன்னும் மோசமாகிறது. இது நிஜமான நோயா, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா?

இதில் ஒரு வாக்கியத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "நடந்தால் இன்னும் மோசமாகிறது." நானாக இருந்தால் அதைத்தான் முதல் வரியில் வைப்பேன். அந்த ஆறு பேரிடமும் இதைச் சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் முதல் நான்கு ஆண்டுகள் சொல்லவில்லை. களைப்பு, வலி, தூக்கம் என்று இந்த மூன்றையே ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நான் மருத்துவர் இல்லை. 13 ஆண்டுகளாக இப்படியொரு நோயோடு இருக்கிறேன். அதைப் பற்றிக் கையில் கிடைத்த ஆய்வுகளைப் படித்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்.

உங்களுக்கு இன்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'நார்மல்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 'கற்பனை' என்ற முடிவுக்கு வர யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்ல முடியும். ரத்தப் பரிசோதனை, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். தைராய்டு சரியாகச் சுரக்கிறதா, சர்க்கரை எவ்வளவு, ரத்தசோகை உண்டா என்றால் சொல்லும். நேற்று மாடி ஏறியவர் இன்று ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்ற கேள்வி அந்த ரிப்போர்ட்டில் எந்த வரியிலும் இல்லை. கேட்காத கேள்விக்கு அதில் பதில் தேடி என்ன பயன்?

இரைப்பைப் புண்ணுக்கு மனப்பதற்றமும் அமிலமும்தான் காரணம் என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. (இதே கதையைச் சொல்லித்தான் அதிசய மருந்து விற்பவர்களும் கடை விரிப்பார்கள். மருத்துவம் ஒருமுறை தவறியது என்பதால் மருத்துவத்துக்கு வெளியே சொல்லப்படுவதெல்லாம் சரியாகிவிடாது. நம்மைப் போன்றவர்கள்தாம் அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள், ஆகவே எச்சரிக்கை.)

எனக்கு இருப்பது எம்.இ. என்றும் சி.எஃப்.எஸ். என்றும் சொல்லப்படும் நோய். மயால்ஜிக் என்செஃபலோமையலைட்டிஸ், நாட்பட்ட களைப்பு நோய் என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே இப்போது எழுதுகிறார்கள். அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நேர்ந்த அவமானம் உங்களோடு தொடங்கியது இல்லை.

1955 ஜூலையில் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு விநோத நோய் பரவியது. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 300 பேரில் பெரும்பாலானோர் அங்கேயே வேலை செய்த செவிலியர்களும் மருத்துவர்களும். அக்டோபர் வரை மருத்துவமனையை மூடவேண்டி வந்தது. மறு ஆண்டு லான்செட் என்ற மருத்துவ இதழ் அந்த நோய்க்கு ஒரு பெயரை முன்வைத்தது; எம்.இ. என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய நோயாளிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள்; நோயாளிகளைச் சந்திக்கவில்லை. இது கூட்டு ஹிஸ்டீரியா, அதாவது கூட்டமாகப் பரவிய மனப்பதற்றம் என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது! உலக சுகாதார நிறுவனம் 1969இலேயே இந்த நோயை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் வைத்திருந்தது. ஆனாலும் மருத்துவக் கல்லூரிகளில் நிலைத்தது அந்த இருவர் சொன்னதுதான். 1988இல் அமெரிக்காவில் 'நாட்பட்ட களைப்பு நோய்' என்று பெயர் வைத்தபோது கதை முடிந்தது. களைப்பு யாருக்கு இல்லை? இந்தப் பெயரை வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த நோய்க்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்தது வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

காற்று மாறத் தொடங்கியது 2015இல். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு, இது உடல் முழுவதையும் பாதிக்கும் தீவிர நோய் என்று அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டில் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இதோடு இருக்கலாம், அவர்களில் 84 முதல் 91 சதவீதம் பேருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்பது அதன் கணக்கு. கண்டறிவதற்கு அது சொன்ன அளவுகோல் எளிமையானது: முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு, உழைப்புக்குப் பின் வரும் சரிவு, தூங்கியும் தெளியாத உடம்பு. இந்த மூன்றோடு, மூளை மந்தமாவது அல்லது நிமிர்ந்து நிற்கும்போது மோசமாவது இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும்.

இதில் நடுவில் இருப்பதைப் பாருங்கள். உழைப்புக்குப் பின் வரும் சரிவு. நீங்கள் போகிறபோக்கில் எழுதியது இதுவாக இருக்கலாம்.

சாதாரணக் களைப்பு உழைத்த அன்றே வரும், தூங்கினால் போகும். இந்தச் சரிவு தாமதமாக வரும். பெரும்பாலும் 12 மணி முதல் 48 மணி நேரம் கழித்து. நாள்கணக்கில் இருக்கும், சில நேரம் வாரக்கணக்கில். இந்தத் தாமதம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடம்பு லேசாக இருந்தது. தலைக்குக் குளித்து, படுக்கை விரிப்பை மாற்றினேன். மெத்தையின் நான்கு மூலைகளையும் தூக்கி விரிப்பைச் செருகவேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்று மாலையும் நன்றாகவே இருந்தேன். திங்கட்கிழமை கொஞ்சம் தொண்டை கரகரப்பு. செவ்வாய்க்கிழமை காலை சீப்பைத் தலைவரை தூக்க முடியவில்லை. முழங்கையை மேசைமேல் ஊன்றி, தலையைச் சீப்பை நோக்கிக் குனிந்து வாரினேன். விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "ஜலதோஷம் பிடித்துவிட்டது" என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமையின் காரணத்தை ஞாயிற்றுக்கிழமையில் தேடவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நோட்டில் எழுதத் தொடங்கி மூன்றாவது வாரத்தில், குளித்த நாளுக்கும் விழுந்த நாளுக்கும் இடையே எப்போதும் ஒன்றரை நாளோ இரண்டு நாளோ இருப்பதைப் பார்த்தேன். அன்று அழுதேன். பயத்தில் இல்லை; நான்கு ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது பொய் இல்லை என்பதற்கு என் கையெழுத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது.

சோதனைக்கூடத்திலும் இதைக் காட்டமுடிகிறது. முகத்தில் குழாயும் முகமூடியும் மாட்டி சைக்கிள் மிதிக்கவைத்து, உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளப்பார்கள். முதல் நாள் அளவை வைத்துப் பார்த்தால், உட்கார்ந்தே வேலை செய்யும் ஆரோக்கியமான ஒருவருக்கும் எம்.இ. நோயாளிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். மறுநாள் அதே சோதனையை மீண்டும் செய்தால், ஆரோக்கியமானவர் கிட்டத்தட்ட அதே அளவை எட்டுவார். இந்த நோயாளிகள் பலருக்கு அளவு சரிந்துவிடும். ஒருநாள் பார்த்து நார்மல் என்று அனுப்பியவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர் பார்த்தது முதல் நாளை. இதைப் படித்துவிட்டு இந்தச் சோதனைக்கு ஓடாதீர்கள், அதுவே ஒரு பெரிய சரிவைக் கொண்டுவரும்.

இப்போது அந்த நடைப்பயிற்சி. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை எம்.இ. நோய்க்குச் சிகிச்சையாக பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2007இல் பரிந்துரைத்தது. 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய வழிகாட்டியில், அப்படிச் செய்யக்கூடாது என்று மாற்றிக்கொண்டது. ஆனால் ஃபைப்ரோமயால்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உடம்பெங்கும் வலி, களைப்பு, தெளியாத தூக்கம்தான். அதுவும் ரத்தத்தில் தெரியாது. ஆனால் அதற்கு ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2016இல் அழுத்தமாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சி, மெதுவாகத் தொடங்கிக் கூட்டுவது. ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு அதுவே விஷம். இரண்டு நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே "நடங்கள்" என்று பொதுவாகச் சொல்வதும் தவறு, "நடக்கவே கூடாது" என்று என்னைப் போன்றவர்கள் பொதுவாகச் சொல்வதும் தவறு. நடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் உங்களுக்கு வழிகாட்டும்.

சரிவு இருக்கிறது என்று தெரிந்தால் செய்யவேண்டியது, களைக்கும் முன்பே நிறுத்துவது. சொல்ல எளிது. மனிதன் களைத்தபின் ஓய்வெடுக்கப் பழகிய ஜீவன். நன்றாக இருக்கும்போதே பாதி வேலையை விட்டுவிட்டுப் போய்ப் படுப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன், துணி மடிக்கிறேன். தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. ஓய்வு என்றால் கண்ணை மூடி, சத்தமில்லாமல் படுப்பது. படுத்துக்கொண்டு செல்போன் பார்ப்பது ஓய்வுக் கணக்கில் வராது, மூளை உழைப்பும் உழைப்புதான். உங்களை வீழ்த்துவது மோசமான நாள்கள் இல்லை. நல்ல நாள்கள்தாம். உடம்பு கொஞ்சம் தேறியதும், விட்டுப்போன வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று ஓர் ஆசை வரும் பாருங்கள், அதற்குத்தான் காவல் போடவேண்டும்.

இன்னொன்று, வீட்டிலேயே பார்க்கக்கூடியது. நிற்கும்போது படபடப்பு, தலை கிறுகிறுப்பு உண்டா? பத்து நிமிடம் அமைதியாகப் படுத்து நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து சுவரில் லேசாகச் சாய்ந்து அசையாமல் பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். மயக்கம் வரும்போல் இருந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். ரத்த அழுத்தக் கருவி இருந்தால் அதையும் பார்த்து எழுதுங்கள். ரத்த அழுத்தம் பெரிதாக விழாமல், துடிப்பு மட்டும் 30க்கு மேல் கூடி, கூடியபடியே நின்றால் (12 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 40) அது போட்ஸ் என்ற தன்னியக்க நரம்புக் கோளாறாக இருக்கலாம். எனக்குப் படுக்கையில் 74. நின்ற ஆறாவது நிமிடத்தில் 118. இந்த இரண்டு எண்களை எழுதிய தாளைக் காட்டியபோதுதான், ஒரு மருத்துவர் முதன்முறையாக நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதற்குச் சிகிச்சை உண்டு: நீர், உப்பு, இறுக்கமான காலுறை, சில மாத்திரைகள். ஆனால் உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டினால் ஆபத்து, அதனால் மருத்துவரிடம் கேட்டுத்தான்.

மருத்துவர்களைத் திட்டுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு 67 நாடுகளின் கணக்கைப் பார்த்தது. உலக மக்கள்தொகையில் பாதியைக் கொண்ட 18 நாடுகளில், ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோ. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு ஆண்டுக் கதையைச் சொன்னால் அவர் காதில் விழுவது "களைப்பு" என்ற ஒரு சொல்தான். அதற்கு அவருக்குப் பழக்கமான பதில் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுவார்.

ஆகவே ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள், இரண்டு பக்கம் ஆனால் படிக்க மாட்டார். எப்படி உணர்கிறீர்கள் என்பதைவிட என்ன செய்ய முடியவில்லை என்பதை எழுதுங்கள். "மிகவும் சோர்வாக இருக்கிறது" என்பதை யாரும் அளக்க முடியாது. "முன்பு வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போனேன், இப்போது இரண்டு நாள்; 20 நிமிடம் நடந்தால் அதற்கடுத்த இரண்டு நாளும் படுக்கை; இந்த மாதத்தில் நான்கு முறை" என்பதை மறுக்க முடியாது. முடிந்தால் உங்களோடு இருப்பவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். "அவர் சொல்வது உண்மைதான், நானே பார்த்தேன்" என்று இன்னொரு வாய் சொன்னால் அறையின் தொனியே மாறுகிறது. இது நியாயமா என்றால் இல்லைதான்.

இந்தச் சோதனைகளெல்லாம் ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள்: தைராய்டு, ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சத்துச் சேமிப்பு), பி12, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், கால்சியம், சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத நோய்), தேவைப்பட்டால் ஏ.என்.ஏ. போன்ற தன்னெதிர்ப்பு நோய்ச் சோதனைகள் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறதா என்று பார்ப்பவை). குறட்டை உண்டென்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள். இவற்றில் பல, சரிசெய்யக்கூடியவை, எம்.இ. என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு இவற்றைத் தவறவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். மாதவிடாயை ஒட்டி வலி கூடுகிறதென்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) பற்றிக் கட்டாயம் கேளுங்கள். உலகில் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆகின்றன, "இதெல்லாம் எல்லோருக்கும் உள்ள வலிதான்" என்று சொல்லிச் சொல்லியே.

யாரும் எச்சரிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெயர் கிடைத்த பிறகு அலட்சியம் வேறு வடிவில் வரும். எது வந்தாலும் "அதுதான் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறதே" என்பார்கள். காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், இரவில் நனைந்துபோகும் அளவுக்கு வியர்வை, ரத்தம் போவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, நெஞ்சுவலி: இவற்றைப் பழைய கணக்கில் எழுத விடாதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள்.

மனத்தின் பேச்சுக்கு வருகிறேன். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எதிலும் நாட்டமே இராது. எனக்கோ நாட்டத்துக்குக் குறைவே இல்லை. படுக்கையில் கிடந்தபடி நாளை செய்யவேண்டியதைப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பேன், உடம்புதான் வராது. மருத்துவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். அதற்காக மனநல மருத்துவரிடம் அனுப்பினால் கோபித்துக்கொண்டு திரும்பிவராதீர்கள். இரண்டு ஆண்டு யாரும் நம்பாமல் இருந்தால் எவருக்கும் மனம் உடையும். அதற்கு வைத்தியம் பார்ப்பது, நோயே மனத்தில்தான் என்று ஒப்புக்கொள்வது ஆகாது. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை வலிக்காகவும் கொடுப்பார்கள். டுலோக்செட்டினை ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்றே அமெரிக்காவில் 2008இல் அனுமதித்தார்கள். கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது இருக்கும். அவர்கள் உங்களைப் பார்ப்பது நீங்கள் எழுந்து நடமாடும் நேரத்தில் மட்டும்தான். "நேற்று நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாயே" என்று என் அக்கா கேட்டபோது சண்டை போட்டேன். இன்னொரு முறை அதே கேள்வி வந்தபோது நோட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அரைமணி நேரம் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, கேட்காமலேயே படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுப் போனாள். இன்றுவரை அது அவள் வேலை.

குணமாகுமா என்றால், எம்.இ. நோய்க்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் இல்லை. பெரியவர்களில் முழுக்கத் தேறுபவர்கள் குறைவு. முன்பைவிட நன்றாக வாழக் கற்றுக்கொள்பவர்கள் அதைவிட அதிகம். கோவிட்டுக்குப் பிறகு இதே சரிவு ஏராளமானோருக்கு வந்திருப்பதால், ஆய்வுக்கூடங்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன. 'லாங் கோவிட்' என்ற பெயரே 2020இல் நோயாளிகள் வைத்ததுதான்; மருத்துவ உலகம் பிறகு எடுத்துக்கொண்டது.

நீங்கள் இன்று செய்யக்கூடியது: ஒரு நோட்டு எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம், அன்று இரவு எப்படி இருந்தது, இரண்டு நாள் கழித்து எப்படி இருந்தது. கடைசிக் கட்டத்தை இரண்டு நாள் கழித்துத்தான் நிரப்பவேண்டும், அதுவரை காலியாக விடுங்கள். நாளுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம், எழுதுவதும் உழைப்புதான். மூன்று வாரம் எழுதினால் ஏதாவது ஒரு வடிவம் தெரியும், அல்லது வடிவம் இல்லை என்பது தெரியும். இரண்டும் பயனுள்ள தகவல்தான். அதுவரை நடைப்பயிற்சியை நிறுத்தி வையுங்கள். நிறுத்திய தேதியை முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், ஏழாவது மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.